நிலவின் முதுகில் ஒரு காது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நிலவின் மறுபக்கத்தில் ரேடியோ தொலைநோக்கி அமைக்கும் முயற்சிகளைப் பற்றி அரைப்பக்கம்தான் எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்கள் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் ரிசீவர்களோடும் ஆன்டெனாக்களோடும் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தவன் நான். அதனால் என் பதில்களில் கம்பியும் இரைச்சலும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

ஐயா, பூமியிலேயே அரை கிலோமீட்டர் அகலத்துக்கு ரேடியோ தொலைநோக்கி கட்டிவிட்டார்கள். அதை விட்டுவிட்டு நிலவுக்கு, அதுவும் நம் கண்ணுக்கே தெரியாத பக்கத்துக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்

நீங்கள் சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். இரவானதும் எங்கோ கடல் கடந்த நிலையங்கள் மிதந்து மிதந்து வந்து சேருமே, அந்த அலைகள் நேராக வந்தவை அல்ல. தரைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரம்வரை பரவியிருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம் ரேடியோவுக்கு வந்தவை. சூரிய ஒளி அங்குள்ள வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகிறது. அந்த எலக்ட்ரான் கூட்டம் குறைந்த அதிர்வெண் அலைகளுக்குக் கண்ணாடிபோல் வேலை செய்கிறது.

வானொலி நேயர்களுக்கு நன்மை செய்த அந்தக் கூரைதான் வானியலாளர்களுக்குத் தடை. உள்ளிருந்து போகும் அலையைத் திருப்பி அனுப்பும் கூரை, வெளியிலிருந்து வரும் அலையையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வானம் நமக்கு மூடிய கதவு. அதற்கு மேல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கதவு ஆடிக்கொண்டே இருக்கிறது. நேரத்துக்கு நேரம், பருவத்துக்குப் பருவம் மாறும். நீங்கள் சொல்லும் 500 மீட்டர் தட்டு, சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி, கேட்பதெல்லாம் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களை. தட்டு எவ்வளவு பெரிதானாலும் கூரைக்குக் கீழேதானே இருக்கிறது?

இரண்டாவது காரணம் நாமே எழுப்பும் இரைச்சல். ரேடியோ வானியல் பிறந்ததே இந்த இரைச்சலைத் துரத்திக்கொண்டு போனதில்தான். 1930களின் தொடக்கத்தில், அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசியில் வரும் கரகரப்புக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி, பெல் ஆய்வகம் கார்ல் ஜான்ஸ்கியைப் பணித்தது. அவர் சுமார் 30 மீட்டர் நீள ஆன்டெனா ஒன்றைப் பழைய ஃபோர்டு கார்ச் சக்கரங்கள்மீது ஏற்றி, வட்டப் பாதையில் சுழல விட்டார். அலைவரிசை 20.5 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது நாளுக்கு 24 மணி நேரம் கழித்து வரவில்லை, 23 மணி 56 நிமிடத்தில் வந்தது. அது விண்மீன்கள் வானில் அதே இடத்துக்குத் திரும்பி வரும் கணக்கு. நம் பால்வீதியின் ஓசையைத்தான் அவர் கேட்டிருந்தார். அதே 20 மெகாஹெர்ட்ஸில் இன்று மக்கள் வாழும் இடத்தில் ஒரு கம்பியைக் கட்டினால் என்ன கேட்கும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு மாணவர்களோடு சேர்ந்து, வியாழன் கோளின் ரேடியோ வெடிப்புகளைக் கேட்க முயன்றோம். ஏழு மீட்டருக்குச் சற்றே அதிகமான தாமிரக் கம்பி. அதை நடுவில் வெட்டி, கோஆக்சியல் கேபிளைப் பற்றவைத்து, மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டினோம். முதல் மூன்று இரவும் ஹெட்ஃபோனில் 'ர்ர்ர்' என்ற ஒரே ரீங்காரம். ரிசீவர் பழுது என்று நினைத்து அதைப் பிரித்துக்கூடப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒரு மாணவி சின்ன ரேடியோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். படிக்கட்டு எல்.இ.டி. விளக்கை நெருங்க நெருங்க ரீங்காரம் ஏறியது. விளக்கை அணைத்தோம், பாதி போயிற்று. அடுத்து ஒரு மடிக்கணினி சார்ஜர். அதையும் பிடுங்கினோம். மிஞ்சியது அக்கம்பக்கத்து வீடுகளின் சார்ஜர்கள். அவை எங்கள் கைக்கு எட்டாதவை. நான்காம் இரவு, ஊர் விளக்கெல்லாம் அணைந்து மூன்று மணிக்கு மேல், கரையில் அலை ஏறி இறங்குவது போன்ற ஓசை ஒன்றரை நிமிடம் கேட்டது. வியாழன்! அந்தப் பிள்ளைகள் அன்று தூங்கவேயில்லை.

வியாழன் உரக்கப் பேசும் கோள், அதற்கே இந்தப் பாடு. அதைவிட மிக மிக மெல்லிய ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால், பூமி முழுவதும் விளக்கணைக்க வேண்டும். அது நடக்காது. அதனால் பூமிக்கும் நமக்கும் இடையே ஒரு சுவர் வேண்டும். 3,474 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பாறைச் சுவர் ஒன்று தலைக்கு மேலே தயாராகவே இருக்கிறது. நிலவு தன் ஒரே முகத்தைத்தான் நமக்கு எப்போதும் காட்டுகிறது. ஆகவே அதன் முதுகில் நிற்பவருக்குப் பூமி ஒருநாளும் உதிக்காது. பூமியின் இடி, மின்னல், ஒலிபரப்பு, சார்ஜர் எதுவும் அங்கே எட்டாது. அயனி மண்டலம் என்று சொல்லத்தக்க கூரையும் அங்கே இல்லை.

மறுபக்கம் எப்போதும் இருட்டாகத்தானே இருக்கும்? சூரிய மின்பலகை வைத்தால் எப்படி மின்சாரம் வரும்?
– எட்டாம் வகுப்பு மாணவர்

இல்லை தம்பி. 'இருண்ட பக்கம்' என்று பேச்சுவழக்கில் சொல்லிச் சொல்லி அப்படிப் பதிந்துவிட்டது. முன்பக்கத்தைப் போலவே அங்கும் ஏறத்தாழ 14 பூமி நாட்கள் பகல், 14 நாட்கள் இரவு. அமாவாசையன்று நமக்கு நிலவு தெரியாதபோது மறுபக்கம் முழுக்க வெயிலில் இருக்கிறது. மனிதர் அந்தப் பக்கத்தை முதன்முதலில் படமாகப் பார்த்தது 1959 அக்டோபரில், சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 எடுத்த மங்கலான படங்களில்.

மின்சாரம் பற்றிய உன் கேள்வி மிக நல்ல கேள்வி. பகலில் மின்பலகை வேலை செய்யும். ஆனால் சூரியனும் ஒரு ரேடியோ இரைச்சல் மூலம்தான். மிக மெல்லிய ஒலியைக் கேட்க ஏற்ற நேரம் இரவு. அப்போது மின்பலகைக்கு வேலையில்லை, வெப்பநிலை மைனஸ் 170 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். மின்கலத்தை நம்பி இரண்டு வாரம் உயிரோடிருக்க வேண்டும். சந்திரயான் 3 லேண்டரும் ரோவரும் முதல் இரவுக்குப் பிறகு கண்விழிக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். இரவைத் தாண்டுவதுதான் இந்தத் துறையில் எல்லோரும் முட்டிக்கொண்டிருக்கும் சுவர்.

அப்படி என்னதான் கேட்கப் போகிறார்கள்? வேற்றுக்கிரகவாசிகளின் பேச்சா?
– இல்லத்தரசி ஒருவர்

அதையும் தேடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் முதன்மையான குறி வேறு. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் என் வாழ்நாளில் கேட்டுவிட வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதைத்தான்.

பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் கொதிக்கும் குழம்பு. எலக்ட்ரானும் புரோட்டானும் தனித்தனியே அலைந்துகொண்டிருந்தன. வெப்பம் ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குத் தணிந்தபோது அவை சேர்ந்து ஹைட்ரஜன் அணுவாயின. எந்த வெப்பத்தில், எந்த அடர்த்தியில் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் அல்லது பிடித்துக்கொள்ளும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் நம் மேகநாத் சாஹா. அணுக்கள் உருவான அந்த நேரத்தில் வெளிப்பட்ட ஒளி இன்றும் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அது பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவப் படம்.

அதற்குப் பின் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு எந்தப் படமும் இல்லை. விண்மீன் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. எங்கும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம், இருட்டு. இதை 'இருண்ட யுகம்' என்கிறார்கள். எவ்வளவு பெரிய கண்ணாடித் தொலைநோக்கி கட்டினாலும் அங்கே பார்க்க வெளிச்சமே கிடையாது.

ஆனால் அந்த ஹைட்ரஜனுக்கு ஒரு சின்னப் பழக்கம் உண்டு. அதன் எலக்ட்ரானும் புரோட்டானும் இரண்டு சிறு காந்தங்கள்போல் ஒரே திசையைப் பார்த்திருக்கலாம், எதிரெதிராகவும் இருக்கலாம். ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் புரளும்போது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 1,420 மெகாஹெர்ட்ஸில், ஒரு துளி ரேடியோ அலை வெளிப்படும் அல்லது உள்ளே இழுக்கப்படும். தனியே விட்ட ஓர் அணு தானாகப் புரள சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். இப்படி ஒரு அலை இருக்க வேண்டும் என்று 1944இல் சொன்னவர் நெதர்லாந்தின் வான் டெ ஹூல்ஸ்ட். 1951இல் ஹார்வர்டில் ஹெரால்டு இவெனும் எட்வர்டு பர்செலும், ஆய்வகச் சன்னலுக்கு வெளியே ஒரு புனல் ஆன்டெனாவை நீட்டி அதைப் பிடித்தார்கள். ஓர் அணுவுக்குக் கோடி ஆண்டு என்றாலும் வானத்தில் அணுக்களுக்குப் பஞ்சமில்லையே.

முன்பு சொன்ன அந்தக் குழந்தைப் பருவ ஒளியைப் பின்னணி ஒளி என்போம். இருண்ட யுகத்து ஹைட்ரஜன் அதைவிடக் குளிர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அது அந்த 21 சென்டிமீட்டர் அலையைப் பின்னணியிலிருந்து விழுங்கியது. அந்த விழுங்கலின் தழும்பைத்தான் தேடுகிறார்கள். அது புறப்பட்ட நாளிலிருந்து பிரபஞ்சம் விரிந்துகொண்டே வந்ததால் அலையும் இழுபட்டுவிட்டது. 51 மடங்கு இழுபட்டிருந்தால் 21 சென்டிமீட்டர் இன்று பத்து மீட்டருக்கு மேல், அதிர்வெண் 28 மெகாஹெர்ட்ஸ். 81 மடங்கு என்றால் சுமார் 17.5 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை வானொலியும், ஜான்ஸ்கியின் ஆன்டெனாவும், எங்கள் மாடிக் கம்பியும் இருந்த அதே இடம்! நம் இரைச்சல் முழுவதும் குவிந்து கிடக்கும், அயனி மண்டலம் ஆடும் இடத்தில் போய் அந்தக் குரல் ஒளிந்திருக்கிறது.

எவ்வளவு மெல்லிய குரல்? ரேடியோ ஓசையின் வலிமையை வெப்பநிலையாகச் சொல்வது எங்கள் வழக்கம். கணக்குப்படி அந்த விழுங்கல் உண்டாக்கும் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.04 கெல்வின். அதே அதிர்வெண்ணில் நம் பால்வீதியின் ஓசை பல்லாயிரம் கெல்வின். பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். நிலவின் மறுபக்கம் போனாலும் பால்வீதி நம்மை விடாது. ஆனால் பால்வீதியின் ஓசை அதிர்வெண்ணுக்கு ஏற்ப வழவழப்பாக மாறுவது. வழவழப்பான கோட்டில் ஒரு சிறு குழியை, கருவி நேர்மையாக இருந்தால், கண்டுபிடிக்க முடியும். குழியின் ஆழமும் இடமும் கணக்கோடு ஒத்துப்போனால் நம் பிரபஞ்சக் கதை சரி. ஒத்துப்போகாவிட்டால் கரும்பொருளைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ நாம் அறியாத ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

இதுவரை யாராவது அங்கே போய்க் கேட்டிருக்கிறார்களா, அல்லது எல்லாம் காகிதத்தில்தானா?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர்

கேட்டிருக்கிறார்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே. நாசா 1968இல் ரேடியோ வானியலுக்கென ஒரு செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்ற அனுப்பியது. பூமியின் இரைச்சல் அதை மூழ்கடித்தது. ஆகவே அடுத்ததை, 1973 ஜூனில், நிலவைச் சுற்ற அனுப்பினார்கள். எக்ஸ்புளோரர் 49 என்று பெயர். 229 மீட்டர் நீளக் கைகளை விரித்துக்கொண்டு அது நிலவின் பின்னால் மறையும் ஒவ்வொரு முறையும், வரைபடத்தில் பூமியின் இரைச்சல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். வெளியே வந்ததும் மறுபடி எழும். அந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது, மாடிப்படி விளக்கை அணைத்த கணம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நிலவு எவ்வளவு நல்ல சுவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பிறகு நீண்ட இடைவெளி. 2019 ஜனவரி 3 அன்று சீனாவின் சாங்'இ 4, வான் கார்மன் பள்ளத்தில் இறங்கியது. மறுபக்கத்தில் மெதுவாகத் தரையிறங்கிய முதல் கலம். அங்கிருந்து பூமியோடு நேரடியாகப் பேச வழியில்லாததால், செசியாவ் என்ற அஞ்சல் செயற்கைக்கோளை முந்தைய ஆண்டே நிலவுக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள். லேண்டரில் 5 மீட்டர் நீள ஆன்டெனாக்கள் மூன்று இருந்தன. செசியாவிலும் நெதர்லாந்துக் குழுவின் குறை அதிர்வெண் கருவி ஒன்று ஏறியிருந்தது. அதன் ஆன்டெனாக்கள் முழு நீளத்துக்கு விரியவில்லை. விண்வெளியில் காத்திருந்த காலம் நீண்டது காரணமாக இருக்கலாம். ஆன்டெனா விரிப்பது காகிதத்தில் எளிய காரியம். எண்ணெயும் காற்றும் இல்லாத குளிரில் ஒரு சுருளைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

2024 பிப்ரவரியில் ஒடிஸியஸ் என்ற தனியார் லேண்டர், ரோல்சஸ் என்னும் ரேடியோ கருவியோடு நிலவின் தென்முனைக்கு அருகே இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. அது முன்பக்கம். கிடைத்த சிறு பதிவிலும் பூமியின் ஒலிபரப்புக் கசிவு தெரிந்தது. அடுத்து எல்லோரும் காத்திருப்பது லூசீ நைட் கருவிக்காக. நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் சேர்ந்து செய்வது. மறுபக்கத்தில் இறங்க வேண்டியது. 3 மீட்டர் நீள ஆன்டெனாக்கள் நான்கு, அவற்றைத் திருப்ப ஒரு சுழல்மேடை, 0.1 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவர், இரவைத் தாங்கச் சுமார் 40 கிலோ எடையில் மின்கலம்.

அந்தத் திட்டத்தில் என் மனதைத் தொட்ட ஒன்று உண்டு. கருவியைக் கொண்டுபோய் இறக்கும் லேண்டர், வேலை முடிந்ததும் தன்னை நிரந்தரமாக அணைத்துக்கொள்ள வேண்டும். அதன் மின்சுற்றுகளின் முணுமுணுப்புகூடக் கருவிக்கு இடைஞ்சல். இத்தனை லட்சம் கிலோமீட்டர் சுமந்து வந்த கலம், சுமந்ததை இறக்கிவைத்துவிட்டு மௌனமாகிவிட வேண்டும்.

நிலவின் பள்ளம் ஒன்றையே தட்டாக்கிவிடலாம் என்று படித்தேன். ஒரு கிலோமீட்டர் தட்டை அங்கே எப்படித் தூக்கிக்கொண்டு போவது, சார்?
– பாலிடெக்னிக் மாணவர்

தட்டு என்றதும் பளபளக்கும் உலோகத் தகடு மனதில் வருகிறது. இங்கே அது வேண்டாம். ரேடியோ அலையைத் திருப்பும் பரப்பு, அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சீராக இருந்தால் போதும் என்பது எங்கள் வழக்கமான கணக்கு. அலை பத்து மீட்டர் என்றால் அரை மீட்டர் மேடுபள்ளம் மன்னிக்கப்படும். ஆகவே தகடு வேண்டாம், இடைவெளி விட்ட கம்பி வலை போதும். கோழிக்கூட்டு வலையைவிடப் பெரிய கண்கள் இருந்தாலும் அந்த அலைக்கு அது ஒரு சுவர்தான்.

நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் சப்தர்ஷி பந்தியோபாத்யாய் இந்த யோசனையை முன்வைத்தார். 2020இல், புதுமைக் கருத்துகளுக்கான நாசாவின் நிதி அதற்குக் கிடைத்தது. 3 முதல் 5 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தில், 1 கிலோமீட்டர் விட்டத்துக்கு வலை. விளிம்பிலிருந்து ரோவர்கள் கயிற்றில் தொங்கி இறங்கி, கம்பிகளை இழுத்து விரிக்கும். பின்னர் அளவைக் குறைத்து, 350 மீட்டர் தட்டு என்று திட்டத்தைச் செதுக்கினார்கள். இயற்கைப் பள்ளத்தில் தட்டு அமைப்பது புதிதல்ல. போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கி அப்படித்தான் ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் கட்டப்பட்டது.

ஆனால் உன்னிடம் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தட்டைவிடப் பரப்பி வைக்கும் கம்பிகள்மீதுதான் நம்பிக்கை. ஃபார்சைடு என்றொரு திட்டம் உண்டு. ரோவர் ஒன்று கேபிளைப் பிரித்துக்கொண்டே போய், 10 கிலோமீட்டர் பரப்பில் 128 இணை டைபோல்களை, அதாவது எங்கள் மாடிக் கம்பி போன்ற எளிய ஆன்டெனாக்களை, வைத்துவிட்டு வரும். ஃபார்வியூ என்பது அதைவிடத் துணிச்சலானது. நிலவு மண்ணிலிருந்தே உலோகம் பிரித்து, அங்கேயே ஒரு லட்சம் ஆன்டெனாக்கள் செய்ய வேண்டும் என்கிறது. ஒரு டைபோல் கெட்டால் மீதி இருக்கும். தட்டின் நடுவே தொங்கும் ரிசீவர் கெட்டால் எல்லாம் போயிற்று. அரெசிபோவில் 2020 டிசம்பரில் 900 டன் மேடை கம்பி அறுந்து விழுந்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த எண்ணம் வலுத்திருக்கிறது.

சந்திரயான் 3 இறங்கிய இடத்திலேயே நாம் ஒன்று வைக்கலாமே? இந்தியா இதில் என்ன செய்கிறது?
– பலர்

சந்திரயான் 3 இறங்கியது தென் அட்சரேகை 69 டிகிரியில், ஆனால் முன்பக்கத்தில். அங்கிருந்து பூமி எப்போதும் தெரியும். பேசுவதற்கு நல்லது, கேட்பதற்கு ஆகாது.

இந்தியாவின் பங்கு சிறிதல்ல. 2018இல், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருந்த எட்ஜஸ் என்னும் ஆன்டெனா, முதல் விண்மீன்கள் பிறந்த காலத்தின் தழும்பை 78 மெகாஹெர்ட்ஸில் கண்டதாக அறிவித்தது. குழி எதிர்பார்த்ததைவிட ஆழம். உலகமே பரபரத்தது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் அதைச் சோதிக்க சாரஸ் 3 என்ற ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, 2020இல் கர்நாடகத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் பின்நீரிலும் மிதக்கவிட்டார்கள். ஏன் தண்ணீர்? தரைக்கடியில் பாறையும் ஈரமும் அடுக்கடுக்காக மாறி மாறி இருந்தால், ஆன்டெனாவுக்குள் பொய்யான குழிகள் முளைக்கும். ஆழமான நீர் எங்கும் ஒரே சீர். 2022இல் முடிவு வந்தது: அப்படிப்பட்ட குழி வானத்தில் இல்லை. இந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பரபரப்பான செய்தியை நிதானமாகச் சோதித்து, மறுக்கத் துணிவது அரிது. அதே குழு, இஸ்ரோவின் துணையோடு நிலவைச் சுற்றும் பிரத்யுஷ் கருவியை வடிவமைக்கிறது. பெயருக்கு விடியல் என்று பொருள். முதல் விண்மீன்களின் விடியலைத்தான் அது தேடப்போகிறது, நிலவின் நிழலில் இருந்தபடி.

நிலவில் ஆளாளுக்கு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் அந்த நிசப்தம் எத்தனை நாளைக்கு இருக்கும்?
– வழக்கறிஞர் ஒருவர்

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

சட்டம் ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகளில் 22ஆம் பிரிவு, 'நிலவின் மறைவுப் பகுதி' என்று ஒன்றை வரையறுத்து, அங்கே ரேடியோ வானியலுக்கு இடையூறான ஒலிபரப்பைத் தடுக்கிறது. தனி இடங்களைக் காக்கச் சொன்னவர்களும் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் ழான் ஹைட்மன் 1990களில் ஒரு பள்ளத்தைச் சுட்டினார். விளிம்பைக் கடந்து சற்றே உள்ளே இருக்கிறது, முன்பக்க நிலையம் ஒன்றோடு எளிதில் இணைக்கலாம் என்று. அந்தப் பள்ளத்தின் பெயர் சாஹா! இருண்ட யுகத்தின் வாசலைக் கணக்கிடச் சமன்பாடு தந்த அதே மேகநாத் சாஹாவின் பெயர். இத்தாலியின் கிளாடியோ மக்கோனே, மறுபக்கத்தின் நடுவே உள்ள 93 கிலோமீட்டர் அகல டேடலஸ் பள்ளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் வேண்டும் என்று வாதிட்டு வருகிறார்.

என் கவலை வேறு இடத்தில். விதிகள் ஒலிபரப்பைப் பற்றிப் பேசுகின்றன. எங்கள் மாடிப்படி விளக்கு ஒலிபரப்பு நிலையமா? இல்லை. அதற்கு உரிமமும் இல்லை, அலைவரிசையும் இல்லை. ஆனாலும் மூன்று இரவு எங்களைக் கெடுத்தது. 2023இல் நெதர்லாந்தின் லோஃபர் தொலைநோக்கி, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 68ஐக் கவனித்ததில் 47இலிருந்து இப்படிப்பட்ட கசிவைக் கண்டது, அவை ஒலிபரப்பவே செய்யாத 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். அது வேண்டுமென்று செய்ததல்ல. மின்சுற்று இருந்தால் கசிவும் இருக்கும். நாளை நிலவைச் சுற்றும் அஞ்சல் செயற்கைக்கோள்களும், வரைபடமெடுக்கும் கலங்களும் மறுபக்கத்தின் தலைக்கு மேலே இப்படியே முணுமுணுத்துக்கொண்டு போகும். பாறைச் சுவர் பூமியைத் தடுக்கும், தலைக்கு மேலே பறப்பதைத் தடுக்காது. ஒவ்வொரு கலத்துக்கும் கசிவு வரம்பு வைத்து, ஏவும் முன்பே அளந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அந்தச் செலவு, பின்னால் துடைக்கப் போகும் செலவைவிட மிகச் சிறியது. நீங்கள் வழக்கறிஞர் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்: விண்வெளிச் சட்டம் படிக்கும் இளைஞர்களிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். பொறியாளர்கள் மட்டும் கத்தினால் போதாது.

நாங்களும் வியாழனைக் கேட்க ஆசைப்படுகிறோம். என்ன வேண்டும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் மூவர்

மிகவும் மகிழ்ச்சி, பிள்ளைகளே. 20.1 மெகாஹெர்ட்ஸ் வாங்கும் ஒரு சிற்றலை ரிசீவர். 7.1 மீட்டர் தாமிரக் கம்பி, சரி பாதியில் வெட்டியது. வெட்டிய இரு முனைக்கும் நடுவே மின்கடத்தாத் துண்டு. ஒரு பாதிக்குக் கோஆக்சியல் கேபிளின் உள்கம்பி, மறுபாதிக்கு வெளி வலை. தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாத உயரம். வியாழன் வானில் உயரமாக இருக்கும் மாதத்தில், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே உட்காருங்கள். அப்போது அயனி மண்டலம் மெலிந்திருக்கும். முதல் வேலையாக வீட்டிலுள்ள சார்ஜர்களைப் பிடுங்கிவிட்டு, சின்ன ரேடியோவோடு சுவரோரமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். சில இரவுகள் ஒன்றும் கேட்காது. கேட்கும் இரவில் அலை புரளும் ஓசை வரும், சில சமயம் தகரக் கூரையில் கூழாங்கல் கொட்டுவதுபோல் படபடக்கும். நேரத்தை நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள். மழைமேகம் தெரிந்தால் அன்று கேட்க வேண்டாம். கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள்.